இது யாருடைய கால்?

முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிறவர்களைக் கையை வைத்தே சொல்லிவிடலாம். பண்ணுருட்டி வட்டாரத்தில் அந்தக் கைகளைப் பார்க்காமல் ஒரு நாள் போகாது. விரல் நுனிகள் கறுத்துக் காய்ப்பேறியிருக்கும். நடுநடுவே தோல் உரிந்து உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் செய்கிற வேலை அது. அதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் முழுக்கத் தப்ப முடியாது.

அப்படியொரு கையோடு கடலூரில் ஒரு கிளினிக்குக்கு ஒரு பெண் வந்திருந்தார். அது இரண்டாவது வருகை. முதல்முறை பார்த்த மருத்துவர் அன்று விடுப்பு. அவர் நாற்காலியில் இளம் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரையில் பழைய குறிப்பு ஒரே வரி: "இரு உள்ளங்கைகளிலும் தோல் அழற்சி. களிம்பு. இரண்டு வாரம் கழித்துப் பார்க்க." அந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை. "போன தடவைக்கு இப்போது எப்படி இருக்கிறது அக்கா?" என்று கேட்டார். "அப்படியேதான் சார் இருக்கிறது" என்றார் அந்தப் பெண்.

வரிக்குக் கீழே தபால்தலை அளவில் ஒரு படம் இருந்தது. மருத்துவர் அதைப் பெரிதாக்கினார். வலது கட்டைவிரலின் அடியில் ரத்தம் கசியும் வெடிப்பு ஒன்று படத்தில் தெரிந்தது. எதிரே நீட்டியிருந்த கையில் அந்த வெடிப்பு மூடி, மெல்லிய கோடாகிவிட்டிருந்தது. எரிச்சல் மட்டும்தான் அப்படியே இருந்திருக்கிறது. அன்று காலையும் அவர் கொட்டை உடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார். மருந்தை மாற்றும் பேச்சு நின்று, கையுறைக்கு என்ன வழி என்ற பேச்சு தொடங்கியது.

நான் அப்போது மேசைக்கு அடியில் பிரிண்டர் வயரைத் தேடிக்கொண்டிருந்தேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறு கிளினிக்குகளுக்குக் கணினி வேலை பார்ப்பது என் பிழைப்பு. புது மென்பொருள் வாங்கும் மருத்துவர்கள் இப்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி, "நோயாளிக் குறிப்பில் படம் சேர்க்க முடியுமா?" என்பது. விற்பவரும் தயங்காமல் "முடியும் டாக்டர்" என்பார். பொய்யில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள், படத்தை யார் எடுக்கிறார், எந்தக் கருவியில் எடுக்கிறார், அது எந்த வழியாக யாருடைய குறிப்புக்குப் போய்ச் சேர்கிறது, எங்கே தங்குகிறது என்று நான்கைந்து கேள்விகள் சுருண்டு கிடக்கின்றன. கேமராவால் கெட்டுப்போன படங்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். வழியில் கெட்டுப்போனவைதான் ஏராளம்.

குறிப்பு ஒரு அறையில், படம் வேறு அறையில்

காகிதக் காலத்திலும் மருத்துவர்கள் வெறும் எழுத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. உடலின் முன்புறமும் பின்புறமும் வெற்றுக் கோட்டுருவமாக இருக்கும் ரப்பர் ஸ்டாம்பைக் கேஸ் ஷீட்டில் குத்தி, புண்ணோ படையோ இருக்கும் இடத்தில் பேனாவால் நிழலிடுவார்கள். பக்கத்திலேயே நீளம், அகலம். கிறுக்கல்தான், ஆனால் எந்தப் பக்கத்துக் கால், எந்த விரலுக்குக் கீழே என்று அந்தக் கிறுக்கல் சந்தேகமில்லாமல் சொல்லிவிடும்.

நோயாளிக் குறிப்பை ஒழுங்காக எழுதும் முறையைப் பற்றி 1968இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் எழுதிய கட்டுரை உலகெங்கும் பரவியது. நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, அதிலிருந்து கணித்தது, இனிச் செய்யப்போவது என்று குறிப்பை நான்காகப் பிரிக்கும் பழக்கம் அவர் வழியாக வந்ததே. இன்றைய கிளினிக் மென்பொருள்கள் பலவற்றில் திரையைத் திறந்தால் இந்த நான்கு கட்டங்கள்தான் தெரியும். புண்ணின் புகைப்படம் சேர வேண்டிய இடம் இரண்டாவது கட்டம், ‘மருத்துவர் கண்டது’. எழுதிய வரியும் எடுத்த படமும் அங்கே ஒட்டி நிற்க வேண்டும்.

நடப்பது வேறு. பெரும்பாலான மென்பொருள்களில் படங்களுக்கென்று ‘ஆவணங்கள்’ என்ற தனிப்பக்கம் இருக்கும். ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, லேப் ரிப்போர்ட் எல்லாம் கிடக்கும் அதே மூட்டைக்குள் புண்ணின் படமும் போய் விழும். எந்த வருகையில், எந்த வரிக்குச் சாட்சியாக எடுத்தது என்ற தொடர்பு அங்கேயே அறுந்துவிடுகிறது. கூட்டமான ஓ.பி.யில் எந்த மருத்துவரும் குறிப்பை மூடி, வேறு பக்கம் திறந்து, இருபது கோப்புகளில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். மேலே சொன்ன கிளினிக்கில் அந்தப் படம் பயன்பட்டதற்குக் காரணம், அது வரிக்குக் கீழேயே கண்ணில் பட்டதுதான். தேடிப் போக வேண்டியிருந்தால் மருந்து மாறியிருக்கும்.

கால்களுக்கு முகம் கிடையாது

ஒரு சராசரிக் கிளினிக்கில் படம் குறிப்புக்குப் போய்ச் சேரும் வழி இது. டிரஸ்ஸிங் அறையில் சிஸ்டர் தன் சொந்தப் போனில் படம் எடுக்கிறார். ஓ.பி. முடிந்ததும் எல்லாப் படங்களையும் ரிசப்ஷன் கணினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அங்கே இருக்கும் பெண் மாலையில் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தரவிறக்கி, யார் யாருக்கு என்று கேட்டுக் கேட்டுச் சேர்க்கிறார். மூன்று கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒன்று உதிர்கிறது.

முதலில் உதிர்வது படத்தின் ஜாதகம். போன் எடுக்கும் ஒவ்வொரு ஜே.பெக் கோப்புக்குள்ளும் எக்ஸிஃப் என்ற சிறு பகுதி ஒளிந்திருக்கும். எடுத்த நாள், நேரம், போனின் மாடல் எல்லாம் அதில் பதிவாகும். இருப்பிட வசதி திறந்திருந்தால் ஜி.பி.எஸ். புள்ளியும் சேரும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு இந்த விவரங்களையும் கழற்றிவிடும். ஜி.பி.எஸ். போவது நல்லதுதான். எடுத்த நாள் போவது நல்லதல்ல. திங்கட்கிழமை எடுத்த படம் புதன்கிழமை தரவிறக்கப்பட்டால், மென்பொருளுக்கு அது புதன்கிழமைப் படம். ஆவணமாக அனுப்பினால் இரண்டும் கழலாது என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்து உதிர்வது ஆள். முகத்தைப் படம் எடுத்தால் யார் என்று தெரியும்; கால்களுக்கு முகம் கிடையாது. நான் வேலை பார்த்த ஒரு கிளினிக்கில், பெயரைச் சொல்ல மாட்டேன், ஒரே நாளில் இரண்டு லட்சுமிகள் வந்தார்கள். இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் இடது காலில் புண். மாலையில் படம் சேர்த்தபோது ஒருவர் கால் மற்றவர் குறிப்புக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து மருத்துவர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புண் இரண்டு மடங்காகிவிட்டதே என்று பதறி, திரையை நோயாளியின் பக்கம் திருப்பிக் காட்டினார். கண்டுபிடித்தது அந்த அம்மாள்தான். "எனக்குச் சுண்டுவிரலை எடுத்து ஆறு வருஷம் ஆகிறதே ஐயா. இதில் ஐந்து விரலும் இருக்கிறதே. இது யாருடைய கால்?"

ஐந்து விரலோடு இருந்திருந்தால் அவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

இதற்குத் தீர்வு சிஸ்டரைத் திட்டுவதல்ல. படத்தை வெளியே எடுத்து உள்ளே கொண்டுவருவதற்குப் பதிலாக, குறிப்புக்கு உள்ளிருந்தே எடுக்க வேண்டும். நோயாளியின் பக்கத்தைத் திறந்து, அதிலிருக்கும் கேமரா பொத்தானை அழுத்தி எடுத்தால், அந்தப் படம் பிறக்கும்போதே அந்த நோயாளியுடையது. இப்படி வேலை செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. சிலவற்றில் கணினித் திரையில் ஒரு க்யூ.ஆர். குறியீடு தோன்றும்; போனால் ஸ்கேன் செய்தால் சில நிமிடங்களுக்கு அந்த ஒரு நோயாளிக்கு மட்டுமான கேமரா திறக்கும். எடுத்த படம் போன் கேலரியைத் தொடாமல் நேரே சர்வருக்குப் போய்விடும். இந்த வசதி இல்லாதவர்களுக்கு ஓர் ஏழை வழி உண்டு: முதலில் ஓ.பி. சீட்டைப் படம் எடு, பிறகு புண்ணை எடு, அடுத்த ஆளின் சீட்டை எடு, அவர் புண்ணை எடு. கேலரியில் சீட்டு, கால், சீட்டு, கால் என்று வரிசையாக நிற்கும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரிதான். பெயரை முதலில் எழுது, தொகையைப் பிறகு எழுது.

இடது வலதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. போனின் முன்கேமரா பல சமயம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிப் படத்தைச் சேமிக்கும். நோயாளியே வீட்டிலிருந்து எடுத்தனுப்பும் படங்களில் இது சகஜம். அதோடு, போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் ‘இந்தப் படத்தை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பும் எக்ஸிஃபுக்குள்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் கால் படுத்துக்கொண்டிருக்கும். ‘வலது’, ‘இடது’ என்று படத்தின் அடியில் எழுத வைக்காத மென்பொருளை நான் பாதி மென்பொருள் என்றுதான் சொல்வேன்.

மூன்றாவதாக, போனிலேயே தங்கிவிடும் மிச்சம். சிஸ்டரின் போன் வீட்டுக்குப் போகிறது. மகன் கையில் விளையாட்டுக்கு மாறுகிறது. இரவில் கேலரி முழுவதும் தானாக இணையக் கிடங்குக்கு ஏறுகிறது. ‘சென்ற ஆண்டு இதே நாளில்’ என்று பழைய படங்களை இசையோடு தொகுத்துக் காட்டும் பழக்கம் போன்களுக்கு உண்டல்லவா? ஒரு சிஸ்டரின் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தொகுப்பு வந்தது. மகளின் பிறந்தநாள் கேக், அடுத்து யாரோ ஒருவருடைய குதிகால் புண், அடுத்து மறுபடி கேக். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் குதிகாலுக்கு உரியவர் சிரித்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

படம் குடியிருக்கும் இடம்

மென்பொருள் படத்தைச் சேமிப்பதில் இரண்டு வகை உண்டு. பெயர், வயது, மருந்து எல்லாம் அடுக்கியிருக்கும் தரவுத்தளத்துக்குள்ளேயே படத்தையும் போட்டுப் பூட்டுவது ஒன்று. படத்தைத் தனியே ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, ‘இன்ன படம் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று முகவரியை மட்டும் தரவுத்தளத்தில் எழுதிவைப்பது இன்னொன்று. உலகெங்கும் புழங்கும் திறமூல மென்பொருளான ஓப்பன்எம்ஆர்எஸ் படங்களையும் மற்றக் கோப்புகளையும் இயல்பாக இரண்டாம் வழியில்தான் வைக்கிறது. ஓப்பன்இஎம்ஆர் மென்பொருளும் ஆவணங்களைத் தனி ஃபோல்டரில் வைக்கிறது. இரண்டில் எதுவும் தப்பில்லை. தரவுத்தளம் ஊதிப்போகாமல் வேகமாக இயங்க இரண்டாம் வழியே தோது.

ஆபத்து பேக்கப் எடுக்கும்போது வருகிறது. ‘பேக்கப்’ என்ற பொத்தான் பல மென்பொருள்களில் தரவுத்தளத்தை மட்டும் நகலெடுக்கும். ஒரு கிளினிக்கில் கணினி மாற்றினார்கள். பழையதைக் கடைக்காரரிடமே கழிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பேக்கப் பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. பெயர், வயது, மருந்து, கட்டணம் எதுவும் குறையவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு புண்ணின் பழைய படத்தைத் திறக்கப் போனால், படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த காகிதம்போல் ஒரு சிறு குறி. அடுத்தவருக்கும் அதுவே. பதினான்கு மாதப் படங்கள். முகவரிப் புத்தகம் பத்திரமாக இருந்தது, வீடுகள்தான் இல்லை. என்னைக் கூப்பிட்டபோது அந்த ஹார்டு டிஸ்க் எந்த ஊரில் எந்தப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்ததோ.

வெள்ளத்தைப் பற்றியும் இந்த ஊர்க்காரன் சொல்லாமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 பெருமழை, 2024 நவம்பர் 30இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் என்று நமக்குக் கணக்கு நீளம். ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இருந்தும் சர்வர் பெட்டியைத் தரையில் வைத்து, பேக்கப் டிஸ்க்கை அதன் தலையிலேயே உட்கார வைத்திருக்கும் கிளினிக்குகளை இன்றும் பார்க்கிறேன். மூழ்கினால் சேர்ந்தே மூழ்கட்டும் என்ற பதிவிரதா தர்மம் போலும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பது எளிய கணக்கு. இன்றைய போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 4 எம்.பி. ஒரு நாளைக்குப் பத்துப் படம், வருடத்துக்கு 300 வேலைநாள் என்றால் 3,000 படங்கள், 12 ஜி.பி. அதே படத்தை 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் 400 கே.பி. அளவில் நின்றுவிடும், வருடத்துக்கு 1.2 ஜி.பி. போதும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016ஆம் ஆண்டு மின்னணு நலப் பதிவேட்டுத் தரநிலைகள் படங்களுக்கு 1024 x 768 பிக்சலுக்குக் குறையாத அளவைச் சொல்கின்றன. சுருக்கினாலும் அதற்கு மேலேயே இருக்கிறோம். ஒரே ஒரு முறை சுருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப் ஒரு முறை, மென்பொருள் ஒரு முறை, அச்சிடும்போது ஒரு முறை என்று பிழிந்துகொண்டே போனால் படையின் ஓரம் மங்கி, கொப்புளமா அழுக்கா என்று தெரியாமல் போகும். ஐபோன் 2017 முதல் எடுத்துவரும் ஹெச்.இ.ஐ.சி. வகைப் படங்களைத் திறக்கவே தெரியாத மென்பொருள்களும் உண்டு. அதை ஒரு மருத்துவர் வைரஸ் என்று நினைத்து என்னை ஞாயிற்றுக்கிழமை எழுப்பினார்.

அடிக்குச்சியும் டியூப்லைட்டும்

புண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் இல்லாத படம் பாதிப் பயனைத் தொலைத்துவிடுகிறது. சர்க்கரைப் புண்ணில் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மருத்துவத்தில் நிலைத்துவிட்ட ஒரு கணக்கு உண்டு: நான்கு வாரத்தில் பரப்பளவு பாதியாகவாவது சுருங்காத பாதப்புண், பன்னிரண்டு வாரத்தில் ஆறுவது கடினம், நான்காம் வாரத்திலேயே சிகிச்சையை மறுபடி யோசிக்க வேண்டும். பாதியா, முக்காலா என்பதைக் கண்மதிப்பில் சொல்ல முடியாது.

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி எழுதுவதுதான் வழக்கம். மூன்றுக்கு இரண்டு, ஆறு சதுர சென்டிமீட்டர். புண் செவ்வகமாக இருப்பதில்லை. முட்டை வடிவம் என்று வைத்துக்கொண்டால் உண்மைப் பரப்பு 4.7தான். அளவுகோலோடு எடுத்த படம் இருந்தால் ஓரத்தைத் திரையிலேயே வரைந்து பரப்பைக் கணக்கிட மென்பொருளால் முடியும். கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் அதுவும் கெட்டது. 30 டிகிரி சாய்ந்தால் ஒரு பக்கம் 13 விழுக்காடு சுருங்கித் தெரியும்; 45 டிகிரியில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு. சிஸ்டர் குனியச் சோம்பல்பட்ட அன்று புண் ‘ஆறியிருக்கும்’.

பள்ளிப் பிள்ளைகளின் அடிக்குச்சியை, அதாவது ஸ்கேலை, வைத்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே குச்சி அடுத்த காலுக்கும் போகிறது என்பது நினைத்தாலே கூசுகிறது. ஒரு காகிதப் பட்டையில் சென்டிமீட்டர் கோடுகள் அச்சிட்டு, அதிலேயே ஓ.பி. எண்ணும் தேதியும் எழுதி, எடுத்தவுடன் குப்பையில் போட்டுவிடலாம். அளவும் ஆளும் தேதியும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். வாட்ஸ்அப் எதைக் கழற்றினாலும் அதைக் கழற்ற முடியாது.

நிறம் இன்னும் சிக்கல். டியூப்லைட் வெளிச்சத்தில் தோல் லேசாகப் பச்சை தட்டும். ஃபிளாஷ் போட்டால் ஈரப்புண் பளபளத்து வெள்ளையாகத் தெரியும். சீழா ஒளியா என்று சொல்ல முடியாது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அழற்சியின் சிவப்பு கண்ணுக்கே தயங்கித்தான் தெரியும். கேமராவில் இன்னும் அடங்கிவிடும். போதாக்குறைக்குப் போன்களில் முகத்தைப் பளிச்சென்று காட்டும் அழகூட்டி வசதி ஒன்று தானாகத் திறந்திருக்கும். கன்னத்தில் வந்த படையை அது அன்போடு துடைத்துவிடும். ஜன்னலோரம், பகல் வெளிச்சம், அடியில் பச்சைத் துணி, எப்போதும் அதே தூரம்: இவ்வளவுதான் வேண்டியது. சிறப்புக் கேமரா தேவையில்லை.

படத்தால் முடியாதவையும் உண்டு. நாற்றம் படத்தில் வராது, சூடு வராது, குச்சியை விட்டால் எலும்பைத் தொடுகிறதா என்ற ஆழம் வராது. யானைக்கால் வீக்கத்துக்குப் படத்தைவிட டேப் நல்லது. கணுக்காலுக்கு மேல் எத்தனை விரற்கடையில் சுற்றளவு எத்தனை என்று எழுதிய எண்ணுக்கு ஈடாக எந்தப் படமும் நிற்காது. படம் இருக்கிறதே என்று எழுதுவதை விட்டுவிடுகிற மருத்துவர்கள் பெருகிவருவது எனக்குப் பிடிக்கவில்லை. ‘படம் பார்க்க’ என்று இரண்டு சொல்லோடு முடிந்த குறிப்பு, படம் தொலைந்த அன்று வெறும் வெள்ளைத்தாள்.

"முகம் விழாதே?"

"ஆயா, புண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா? அடுத்த வாரம் டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்."

"முகம் விழாதே பாப்பா?"

"விழாது ஆயா. கால் மட்டும்தான்."

"டி.வி.யில் போட்டுவிட மாட்டீர்களே?"

கடலூர் முதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆயா கேட்ட இந்த இரண்டு கேள்விகளுக்குள் ஒப்புதல் பற்றிய சட்டம் ஏறக்குறைய முழுதும் அடங்கிவிடுகிறது. சிகிச்சைக்காகக் குறிப்பில் வைப்பது ஒன்று. வேறொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது இன்னொன்று. வகுப்பிலோ இதழிலோ பொதுவில் காட்டுவது முற்றிலும் வேறு. முதலாவதற்குத் தலையாட்டியவர் மூன்றாவதற்கும் ஆட்டியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள், நோயாளியின் அடையாளம் தெரியும்படி அவர் அனுமதியின்றிப் படத்தையோ நோய் விவரத்தையோ வெளியிடக் கூடாது என்கின்றன. மருத்துவ ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு காக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. படமும் ஆவணத்தின் பகுதி என்றே நான் அதைப் படிக்கிறேன். 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களோ இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: ஆலோசனைக்குப் பயன்பட்ட படங்களையும் மருத்துவர் பத்திரப்படுத்த வேண்டும். ‘வாட்ஸ்அப்பில் பார்த்துச் சொன்னேன், அழித்துவிட்டேன்’ என்பதற்கு அங்கே இடமில்லை. உடலின் அந்தரங்கப் பகுதியை ஒப்புதலின்றிப் படம் எடுப்பதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்றாண்டுச் சிறை வரை போகக்கூடிய குற்றம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சிறு கிளினிக்கின் மேல் அந்தத் தொகை விழாது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு விஷயம் அதை நேராகத் தொடும். ஒப்புதல் அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் கிடைக்க வேண்டும், தமிழும் அதில் ஒன்று. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு. என் கண்ணில் பட்ட மென்பொருள்களில் ஒப்புதல் என்பது ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் முன்கூட்டியே போட்டிருக்கும்.

முகம் விழாவிட்டால் போதும் என்பதும் முழு உண்மையல்ல. நம் ஊரில் முன்கையில் புருஷன் பெயரைப் பச்சை குத்தியிருப்பார்கள். மெட்டி, கொலுசு, பழைய தழும்பு, பின்சுவரில் தொங்கும் கிளினிக் காலண்டர் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

அடிதடி, விபத்து, நாய்க்கடி என்று நீதிமன்றம் போகக்கூடியவற்றில் படத்தின் மதிப்பு வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் எண் கைரேகையும், குறிப்பிடப்பட வேண்டும். ஆகவே அம்புக்குறி போடுவதென்றாலும் வட்டமிடுவதென்றாலும் மூலப்படத்தைத் தொடாமல் அதன் மேல் தனி அடுக்காகப் போடுகிற மென்பொருளே பாதுகாப்பு.

கோரிமேட்டுக்குப் போகும் பை

கடலூர் கிளினிக்கில் ஆறாத புண் ஒரு கட்டத்தில் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் பெரிய மருத்துவமனையான ஜிப்மருக்குப் போகும். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள்தான். நோயாளி கையில் மஞ்சள் பை. அதற்குள் எக்ஸ்ரே, ரிப்போர்ட், மருந்துச் சீட்டு. ஆறு வாரமாகக் கிளினிக் எடுத்த படங்கள் மட்டும் அந்தப் பைக்குள் ஏறுவதில்லை. ஜிப்மரில் பார்ப்பவருக்குப் புண் அன்றுதான் பிறக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம். 2020 ஆகஸ்டில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று; 2021 செப்டம்பர் 27இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. நோயாளிக்கான 14 இலக்க அடையாள எண்ணான ஆபா எண் அதன் திறவுகோல். பலர் நினைப்பதுபோல் எல்லாப் பதிவுகளும் டெல்லியில் ஒரே கிடங்கில் போய்க் குவிவதில்லை. பதிவு பிறந்த கிளினிக்கிலேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் தந்தால் கேட்ட இடத்துக்கு நகரும். நகர்வதற்கான பொது வடிவம் எஃப்.எச்.ஐ.ஆர். என்ற தரநிலை, படத்தையும் அதற்குள் கட்டி அனுப்ப இடமிருக்கிறது. அந்தக் கட்டுக்குள் படத்தைப் போடும் வேலையைக் கிளினிக்கின் மென்பொருள் செய்ய வேண்டும். செய்கிறதா என்பதுதான் கேள்வி.

சென்ற மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவர் புது மென்பொருள் பார்த்தார், என்னையும் கூப்பிட்டிருந்தார். விற்பனைக்கு வந்த தம்பி அருமையாகக் காட்டினார். குறிப்புக்குள்ளிருந்தே கேமரா திறந்தது. வரிக்குக் கீழே படம் வந்து உட்கார்ந்தது. பழையதும் புதியதும் அக்கம்பக்கமாக நின்றன. மருத்துவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் ஒன்றுதான் கேட்டேன். "இந்த ஒரு நோயாளியின் பதிவை முழுதாக வெளியே எடுத்து இந்தப் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள் தம்பி."

அவர் பொத்தானை அழுத்தினார். கோப்பு வந்தது. திறந்தோம். பெயர், வயது, நான்கு கட்டங்கள், மருந்து, கட்டணம் எல்லாம் இருந்தன. படம் இருக்க வேண்டிய இடத்தில் ‘படம் 1’, ‘படம் 2’ என்று எழுதியிருந்தது.

"அடுத்த பதிப்பில் வந்துவிடும் சார்" என்றார்.